திறந்து காட்டு

எங்கள் வீட்டில் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கி துடைக்கிற நாள். தாத்தா காலத்திலிருந்தே அப்படித்தான். காலைப் பலகாரம் முடிந்ததும், பட்டாசாலை என்று நாங்கள் சொல்கிற வீட்டுக் கூடத்தில் பழைய ஜமுக்காளத்தை விரிப்போம். கம்பி, வேட்டித்துணியில் கிழித்த சின்னச் சின்னத் துண்டுகள், தையல் மிஷின் எண்ணெய், துப்பாக்கியின் மரக்கட்டைக்குத் தடவ ஆளிவிதை எண்ணெய். இவ்வளவுதான் சாமான். பீரோவைத் திறந்து துப்பாக்கியை எடுத்து வருவது இப்போது நான். துணித் துண்டை எடுத்துக் கொடுப்பது என் மகள். அவளுக்கு 14 வயது.

களக்காட்டுக்கு மேற்கே, மலையடிவாரத்தில் எங்கள் ஊர். ஏத்தன் வாழையும் நெல்லும்தான் பிழைப்பு. வாழைக்குப் பின்னால் ஓடை, ஓடைக்குப் பின்னால் காடு. இந்த ஊரில் ஒரு பொம்பளை பேரில் ரைபிள் லைசென்ஸ் இருப்பது சிலருக்கு ஆச்சரியம், சிலருக்கு வருத்தம். "பொம்பளைப் பிள்ளைக்குப் போய் ஏன் இதையெல்லாம் சொல்லிக் குடுக்க?" என்று கேட்கிறவர்கள் நிறைய. நாலு வாக்கியத்தில் சொல்லி முடிகிற பதில் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

துப்பாக்கி வந்த கதை சின்னது. மலை மேலே தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்த ஒரு துரை, 1958-ல் சீமைக்குத் திரும்பும்போது தாத்தாவுக்கு விற்றுவிட்டுப் போனார். பி.எஸ்.ஏ. கம்பெனியின் .22 ரைபிள், அதாவது அங்குலத்தில் .22 அளவுக் குழல். இங்கிலாந்தில் பர்மிங்காமில் செய்தது. குழல் தொடங்குகிற இடத்தில், மூன்று துப்பாக்கிகளை ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்தியது போல அந்தக் கம்பெனியின் முத்திரை இருக்கும். சின்ன வயதில் அதை அறுவடை முடிந்து சாய்த்து வைத்த வைக்கோல் கட்டு என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான். கட்டைக்கு அடியில் ஒரு லிவர் உண்டு. அதைக் கீழே இறக்கினால் உள்ளே ஓர் இரும்புக்கட்டி தாழ்ந்து, குழலின் வாசல் திறக்கும். ஒரு தோட்டாவைத் தள்ளி லிவரை ஏற்றினால் மூடிக்கொள்ளும். மார்ட்டினி முறை என்று பெயர். இந்த லிவர் அடியில் இருப்பது பின்னால் எங்களுக்கு எவ்வளவு பெரிய காரியமாக வரப்போகிறது என்று தாத்தாவுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

ஊரில் பலர் எல்லாவற்றையும் துப்பாக்கி என்றே சொல்லிவிடுவார்கள். வயல் காவலுக்கு வைத்திருப்பது பெரும்பாலும் குழல் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கிற நாட்டுத்துப்பாக்கி, இல்லாவிட்டால் 12 போர் என்கிற வேட்டைத் துப்பாக்கி. இரண்டுக்கும் குழல் உள்ளே வழவழப்பாக இருக்கும். ரைபிள் அப்படி இல்லை. குழலின் உள்சுவரில் திருகு மாதிரி வரிகள் சுற்றிக்கொண்டே போகும். அந்த வரிதான் குண்டைச் சுழற்றி நேராக ஓட வைக்கிறது. .22 தோட்டா சுண்டுவிரல் அளவுகூட இராது. ஈயக் குண்டு இரண்டரை கிராம் சொச்சம். ஆனால் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேலும் போகும். தாத்தா இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தார். "நீ பார்க்க முடியாத இடத்துக்கும் அது போவும். அதனால எதைச் சுடுதோம்னு பாக்கதுக்கு முன்னால, அதுக்குப் பின்னால என்ன இருக்குன்னு பாரு." வாழைத்தோட்டத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது புரியும். பத்தடிக்கு அப்பால் இலைதான். இலைக்குப் பின்னால் தண்ணீர் பாய்ச்சுகிற ஆளும் இருக்கலாம்.

எனக்கு அவர் கற்றுக்கொடுத்தது 1989-ல். 11 வயது. ரைபிளில் அல்ல. அதை நான் கேட்டதும் இல்லை, அவர் கொடுத்ததும் இல்லை. ஒரு பழைய காற்றுத் துப்பாக்கி இருந்தது. குழலை மடக்கி உள்ளே இருக்கிற ஸ்பிரிங்கை ஏற்றுகிற வகை. என் பலத்துக்கு அது மடங்காது, தாத்தாதான் மடக்கித் தருவார். தோட்டத்தில் கிணறு வெட்டியபோது அள்ளிப் போட்ட மண் ஆளுயரத்துக்கு மேடாகக் கிடந்தது. அந்தக் கிணற்று மேட்டில் ஒரு தீப்பெட்டியைச் செருகி வைப்பார். அடி தவறினாலும் மண்ணுக்குள் போகும். பனைமரத்திலோ கல்லிலோ குறி வைக்கவே விடமாட்டார். குண்டு தெறித்துத் திரும்பும் என்பார்.

முதல் மூன்று வாரம் குண்டே தரவில்லை. குழல் மேல் ஒரு நாலணாக் காசை வைத்து, அது விழாமல் பிடிக்கச் சொல்வார். ஐம்பது எண்ணுவார். காசு விழுந்தால் மறுபடி ஒன்றிலிருந்து. சும்மா குதிரையை, அதாவது ட்ரிகரை, இழுத்துப் பழகலாமா என்று ஒருநாள் கேட்டேன். குண்டு இல்லாமல் அடித்தால் உள்ளே பிஸ்டன் போய் மோதிக் கெட்டுப்போகும், அதனால் கூடாது என்றார். அவர் எதையும் 'கூடாது' என்று மட்டும் சொல்லி நிறுத்தியதில்லை. காரணம் கூடவே வரும். அப்படிச் சொல்லித் தந்ததால்தான் 36 வருஷம் கழித்து அதை அப்படியே என் மகளுக்குச் சொல்ல முடிகிறது.

ஆனால் மூன்று வாரத்தில் முக்கியமாகப் பழகியது காசு இல்லை, கொடுக்கிற முறை. துப்பாக்கி ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும்போது திறந்து, உள்ளே காலி என்று காட்டிவிட்டுத்தான் தர வேண்டும். இதே நிமிஷம் அவர் திறந்து காட்டி என்னிடம் தந்திருப்பார். நான் வாங்கி உடனே திருப்பிக் கொடுத்தாலும் மறுபடி திறந்து காட்ட வேண்டும். ஒருநாள் எரிச்சலில் கேட்டேன்.

"இப்பத்தானே தாத்தா நீங்களே பார்த்தீய?"

"பார்த்தேன். அதுக்கப்புறம் உன் கைக்குப் போயிட்டுல்லா? தொறந்து காட்டுட்டி."

"காலியாத்தான் இருக்கு."

"நீ சொன்னா அது வார்த்தை. நான் பார்த்தாத்தான் அது காலி."

அவர் என்னை நம்பவில்லை என்று அன்று அழுதேன். ஆச்சிதான் வந்து கூட்டிப்போய் முறுக்கு தந்தாள். பின்னால் கவனித்தபோதுதான் தெரிந்தது, அவர் அப்பாவிடமும் அப்படித்தான், துப்பாக்கியைப் பரிசோதிக்க வருகிற போலீஸ்காரரிடமும் அப்படித்தான். ஆளைப் பொறுத்து மாறுகிற காரியமாக அவர் அதை வைத்துக்கொள்ளவில்லை.

அவர் பேசப் பிடிக்காத ஒரு சம்பவம் உண்டு. 1960-களில் நடந்தது. வாழைக்கிழங்கைத் தோண்டித் தின்ன வந்த காட்டுப்பன்றியை நிலா வெளிச்சத்தில் இந்த ரைபிளால் சுட்டிருக்கிறார். .22 குண்டு முயலுக்குச் சரி, பன்றிக்குப் பத்தாது. அடிபட்ட பன்றி ஓடிவிட்டது. விடிந்ததும் ரத்தம் பார்த்துக்கொண்டே பச்சையாற்றின் கரையோடு மேலே போயிருக்கிறார். இரண்டு நாள். கட்டுச்சோறு கொண்டுபோன ஆள் திரும்பிவிட்டார், தாத்தா திரும்பவில்லை. மூன்றாம் நாள் வெறுங்கையோடு வந்து குளித்துவிட்டுப் படுத்தவர், அதற்குப் பிறகு உயிருள்ள எதன்மேலும் அந்த ரைபிளைத் தூக்கவில்லை. ஆச்சி சொல்லித்தான் எனக்கு இது தெரியும். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1976-ல் எங்கள் மலை களக்காடு சரணாலயம் ஆயிற்று, 1988-ல் முண்டந்துறையோடு சேர்ந்து புலிகள் காப்பகம் ஆயிற்று. தாத்தாவைப் பொறுத்தவரை சட்டம் அவருக்குப் பின்னால்தான் வந்தது.

இன்றைக்கும் பன்றி வருகிறது. முன்னைவிட அதிகமாகவே வருகிறது. ஒரே ராத்திரியில் முந்நூறு கன்று போன வயலை நான் பார்த்திருக்கிறேன், எங்கள் வயலும் அதில் உண்டு. "உங்க வீட்ல துப்பாக்கிதான் இருக்கே, ரெண்டு வெடி வைக்கக் கூடாதா?" என்று பக்கத்து வயல்காரர் கேட்கும்போது அவர் வயிற்றெரிச்சல் எனக்குப் புரியாமல் இல்லை. 2025 ஜனவரியில் அரசு ஒரு முறை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருகிற பன்றியை வனத்துறையினர் சுடலாம், ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விட வேண்டும், ஒரு கிலோமீட்டருக்குள் என்றால் சுடக் கூடாது. எங்கள் வயல் காட்டை ஒட்டிக் கிடப்பது. எங்களுக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. இழப்பீடு சீக்கிரம் வர வேண்டும், வேலிக்கு உதவி வர வேண்டும் என்று நானும் மனு எழுதிக் கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறேன். ஆனால் ஓரத்து வயல்களில் அவுட்டுக்காய், அதாவது தீனிக்குள் மறைத்த வெடி, வைக்கிற பழக்கத்தை மட்டும் என்னால் எந்த நியாயத்தோடும் சேர்த்துப் பார்க்க முடியவில்லை. பன்றிக்கு வைத்த வெடி யானை வாயைக் கிழித்து, அது தின்ன முடியாமல் நாள்கணக்கில் பட்டினி கிடந்து சாகும். என் மகளுக்கு நான் இதை மறைத்ததில்லை. துப்பாக்கியைப் பற்றிப் படிக்கிற பிள்ளை காயத்தைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, இப்போது 1995-க்கு வருகிறேன். இந்தத் துப்பாக்கியைப் பற்றி என்னிடம் இருப்பதில் கனமானது அதுதான்.

அந்த வருஷம் தென்மாவட்டம் முழுக்கச் சாதிக் கலவரம். பஸ் ஓடாது, ஓடினால் கண்ணாடி இருக்காது. எனக்கு 17 வயது, பிளஸ் டூ. ஒருநாள் சாயங்காலம் எங்கள் சொந்தக்காரர்கள் ஐந்தாறு பேர் வந்து பட்டாசாலையில் உட்கார்ந்தார்கள். ஆச்சி காப்பி கொடுத்தாள். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினார்கள். அப்புறம் ஒருத்தர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

"அண்ணாச்சி, துப்பாக்கி வெளிய வரணும். நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். தெரு முனையில ஒரு நாற்காலி போட்டு, மடியில வச்சிட்டு உக்காந்தாப் போதும். அவனுவ பார்க்கட்டும்."

தாத்தா பதில் சொல்லாமல் டம்ளரைக் கீழே வைத்தார். அவர் வைத்த விதத்தில் சத்தமே வரவில்லை. அது இன்னும் என் காதில் இருக்கிறது.

"காட்டுததுக்கு ஒண்ணு, சுடுததுக்கு ஒண்ணுன்னு எங்கிட்ட ரெண்டு துப்பாக்கி கெடையாது. இருக்கது ஒண்ணுதான். அது வாழைக்குக் காவலா வாங்கினது. மனுசனுக்கு நேரா அது திரும்பாது."

"நம்ம ஆளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"யாருக்கு ஆனாலும் ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடிச்சுக் குடுக்கேன்."

அவர்கள் எழுந்து போனார்கள். ஒருத்தர் காப்பியைத் தொடவில்லை. மறுநாள் காலையில் தாத்தா துப்பாக்கியை வேட்டியில் சுற்றி, அதை ஜமுக்காளத்தில் சுற்றி, தோட்டாப் பெட்டியையும் லைசென்ஸையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். நானும் போனேன். பஸ் இல்லாததால் நடந்தே போனோம். ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கினார். அங்கே இருந்தவர் ஆச்சரியமாக, "தேர்தல்கூட இல்லையே, யாரும் கேட்கலையே, ஏன் கொண்டுவாரீய?" என்றார். "எங்க வீட்டுக்கே கேட்டு வந்துட்டாவ, அதான்" என்றார் தாத்தா.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் சொந்தத்தில் எந்தக் கல்யாணப் பத்திரிகையும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. கோயில் கொடையில் அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை. அடுத்த தெருவில், 'அவனுவ' என்று சொல்லப்பட்டவர்களில் ஒருவர், எங்கள் தோட்டத்தில் வேலை செய்தவர், தாத்தா 2001-ல் இறந்தபோது வாசலில் வந்து நின்று அழுதது மட்டும் எனக்குத் தெரியும்.

துப்பாக்கி திரும்பி வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அங்கே எந்த ஈர மூலையில் எப்படிக் கிடந்ததோ, எண்ணெய் காணாமல் குழல் உள்ளே துரு ஏறியிருந்தது. தாத்தா பட்டாசாலையில் உட்கார்ந்து மூன்று நாள் தேய்த்தார். மேலோட்டமான துரு போயிற்று. நடுவில் ஓரிடத்தில் இரும்பையே தின்றிருந்தது, அது போகவில்லை. ரிப்பேர்க் கடையில் குழலையே மாற்றலாம் என்றார்கள். வேண்டாம் என்றுவிட்டார்.

என் முதல் நிஜத் தோட்டாவை நான் சுட்டது பாளையங்கோட்டையில், கல்லூரி என்.சி.சி.யில்தான். அதுவும் .22 தான். குப்புறப் படுத்துச் சுட வேண்டும். ஐந்து குண்டும் எவ்வளவு நெருக்கமாக விழுகிறது என்று பார்ப்பார்கள். என்னுடையதை ஒரு எட்டணாக் காசு மூடியது. எங்கே படித்தாய் என்று ஹவில்தார் கேட்டார். கிணற்று மேட்டில் என்று சொன்னேன். அன்றைக்கே ஹாஸ்டலில் இருந்து தாத்தாவுக்கு இன்லண்ட் லெட்டர் எழுதினேன். பதில் கார்டில் மூன்று வரி வந்தது. மூன்றாவது வரி: 'சுட்டு முடித்துத் திறந்து காட்டினாயா?'

அப்பாவுக்குச் சுடுவதில் விருப்பமே இல்லை. சத்தம் பிடிக்காது. இருந்தும் 18 வருஷம் தன் பேரில் லைசென்ஸை வைத்து, தவறாமல் புதுப்பித்து, ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒப்படைத்து, மாதா மாதம் எண்ணெய் போட்டு வைத்திருந்தார். துருவுக்குப் பயந்து பீரோவில் கற்பூரம் வைப்பார். எண்ணெயே போதும் என்று சொல்லியும் கேட்கவில்லை. பிடிக்காத ஒன்றை இவ்வளவு பத்திரமாக வைத்திருப்பது எனக்கு முடிந்திருக்காது.

2016 ஆயுத விதிகளில் வாரிசுக்கு மாற்ற வழி இருக்கிறது. லைசென்ஸ்காரர் இறந்த பிறகுதான் என்றில்லை. அவருக்கு 70 வயது ஆனாலோ, 25 வருஷம் ஆயுதத்தை வைத்திருந்தாலோ உயிரோடு இருக்கும்போதே வாரிசு பேருக்குக் கேட்கலாம். மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். பெங்களூரில் இருக்கும் என் தம்பி, "அக்காதான் சரி, நான் எங்க வச்சுக்க?" என்று கையெழுத்துப் போட்டான். பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி பெற்ற சான்றிதழ், டாக்டர் சான்றிதழ், போலீஸ் விசாரணை, தாசில்தார் விசாரணை, கடைசியில் கலெக்டர். எத்தனை நடை நடந்தேன் என்பது இருக்கட்டும். விசாரணைக்கு வந்த ஒருவர், "உங்க வீட்டுக்காரர் பேர்ல கேட்டிருக்கலாமே" என்று நாலு தடவை சொன்னார். என் கணவர்தான், "எனக்கு அதைத் திறக்கவே தெரியாது சார்" என்று பதில் சொன்னார். 2019-ல் என் பேருக்கு வந்தது. அதே வருஷக் கடைசியில் சட்டத்திருத்தம் வந்து லைசென்ஸ் காலம் மூன்றிலிருந்து ஐந்து வருஷம் ஆனது, ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கி மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. எங்களுக்கு ஒன்றே போதும்.

திருநெல்வேலிச் சீமைக்கும் துப்பாக்கிக்கும் உள்ள கணக்கு பழையது. கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது 1799-ல். பாளையக்காரர் போர் 1801-ல் முடிந்ததும் கோட்டைகளை இடித்து, ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்லிக் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தரவு போட்டது. லைசென்ஸ் இல்லாமல் இந்தியர் ஆயுதம் வைக்கக் கூடாது என்ற சட்டம் 1878-ல். மகளுக்குப் பத்து வயதிருக்கும்போது சென்னைக்குப் போகிற ரயில் வாஞ்சி மணியாச்சியில் நின்றது. 1911 ஜூன் 17-ல் இங்கேதான் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டார், பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டார் என்று சொன்னேன். "அவருக்கு யாரும்மா சுடக் கத்துக் குடுத்தா?" என்றாள். எனக்கு இந்தக் கேள்வி தோன்றியதே இல்லை. புதுச்சேரியில் வ.வே.சு. ஐயர் பயிற்சி கொடுத்ததாகச் சொல்வார்கள் என்றேன். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அவர் இவர்ட்ட என்னெல்லாம் சொல்லிருப்பார்?" என்று கேட்டாள். ரயில் கிளம்பிவிட்டது. அன்றைக்குத்தான் இவளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று எனக்குப் பட்டது. சுடுகிறவனைக் கேட்காமல், சொல்லிக்கொடுத்தவனைக் கேட்கிற பிள்ளை.

21 வயதுக்கு முன் லைசென்ஸ் கிடையாது. விளையாட்டுக்காகப் பயிற்சி பெறுகிறவர்களுக்கு 12 வயதிலிருந்து விதிகளில் இடம் உண்டு. அதனால் எங்கள் ரைபிளை அவள் கையில் கொடுக்கவில்லை. 12 முடிந்ததும் திருநெல்வேலியில் ஒரு ரைபிள் கிளப்பில் சேர்த்தேன். சனிக்கிழமை காலையில் சேரன்மகாதேவி வழியாகப் போகிற பஸ். அங்கே பத்து மீட்டர் ஏர் ரைபிள். குழல் 4.5 மில்லிமீட்டர். பத்து மீட்டர் தூரத்தில் உள்ள குறித்தாளில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் பொட்டு. பேனாவால் வைத்த ஒரு முற்றுப்புள்ளி அளவு. போட்டியில் 75 நிமிஷத்துக்குள் 60 குண்டு. கண்ணுக்குப் பொட்டு தெரியவே தெரியாது. கறுப்பு வட்டத்தைச் சுற்றி வெள்ளை வளையம் ஒரே அளவாக இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்க முடியும். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, ஏழெட்டு விநாடிக்குள் விரல் வேலை முடிய வேண்டும். முடியவில்லை என்றால் துப்பாக்கியை இறக்கிவிட வேண்டும். இறக்கிவிடத் தெரிகிற பிள்ளைகள்தான் முன்னுக்கு வருகிறார்கள் என்று கோச் சொன்னார்.

இங்கேயும் முதல் ஒரு மாதம் குண்டு தரவில்லை. இந்த ரைபிள்களில் குண்டு இல்லாமல் ட்ரிகரைப் பழகுவதற்கென்றே வசதி இருக்கிறது. அவள் ஆயிரம் தடவையாவது வெறுமனே இழுத்திருப்பாள். நாலணாக் காசுக்குப் பதில் இது. சுட்டு முடித்தால் குழலுக்குள் ஒரு மஞ்சள் கயிற்றை விட்டு வைக்க வேண்டும், காலி என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிவதற்காக. முதல் நாள் அதைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. தாத்தா சொன்ன அதே காரியம், கயிறாக. ஈயக் குண்டைத் தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் டிபன் பாக்ஸைத் திறக்க விடமாட்டார்கள். அதுவும் பிடித்தது.

ஆனால் ஆறு மாதம் அவள் குண்டுகள் இடமும் வலமுமாகச் சிதறின. வீட்டுக்கு வருகிற பஸ்ஸில் பேசாமல் வருவாள். நான் என்ன சொன்னாலும் "தெரியும்மா" என்பாள். ஒருநாள் கோச் அவளைக் கூப்பிட்டு, இரண்டு கையையும் நீட்டி, விரல்களைச் சேர்த்து நடுவில் ஒரு சின்ன ஓட்டை மட்டும் விடச் சொன்னார். அந்த ஓட்டை வழியே சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னார். "இடது கண்ணை மூடு." மூடினாள். கடிகாரம் காணாமல் போயிற்று. வலது கண்ணை மூடியபோது கடிகாரம் அப்படியே இருந்தது. கை வலது, கண் இடது. இவ்வளவு நாளும் பார்க்கிற கண்ணை மறைத்துக்கொண்டு, பார்க்காத கண்ணால் குறி வைத்திருக்கிறாள். நான் சொல்லித்தந்த நிலையில்தான் அவள் நின்றாள். எனக்கு வலது கண் என்பதால் அவளுக்கும் அதுவே என்று எடுத்துக்கொண்டேன். தாத்தா இருந்திருந்தால் முதல் நாளே அவள் கண்ணைப் பார்த்திருப்பார். அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

இடது தோளுக்கு மாற்றினோம். எழுதுவதைப் புதிதாகக் கற்பது மாதிரிதான். காசு வைத்துப் பிடிக்கிற பழக்கத்தை வீட்டில் மறுபடி தொடங்கினோம், இந்தத் தடவை இடது கையில், ஒரு மரக்கட்டையை வைத்து. ஆச்சி இருந்த அதே திண்ணையில் அப்பா உட்கார்ந்து ஐம்பது எண்ணுவார். துப்பாக்கிச் சத்தம் பிடிக்காத அப்பா, காசு விழுந்தால் மட்டும் "பைய, பைய" என்பார். நாலு மாதத்தில் குண்டுகள் ஒன்றுகூடத் தொடங்கின. அவள் இன்னும் பெரிய போட்டிக்கெல்லாம் போகவில்லை. போனாலும் சரி, போகாவிட்டாலும் சரி.

போன மாத ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லி நிறுத்துகிறேன். துடைத்து முடித்து, குழல் வாய் கீழே இருக்கும்படி சாய்த்து வைத்திருந்தேன். எண்ணெய் கட்டைக்குள் இறங்கினால் மரம் ஊறிக் கெடும். அவள் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.

"இடது கைக்காரிக்கு இது ஒத்து வருமாம்மா? கிளப்ல இருக்க பழைய ரைபிள்ல தொறக்குற பிடி வலது பக்கம் இருக்கு. நான் கையைத் தாண்டிப் போய் இழுக்கணும்."

நான் இதை யோசித்ததே இல்லை. எடுத்து மடியில் வைத்துப் பார்த்தேன். லிவர் அடியில். தோட்டா போகிற வாசல் நடுவில். இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று எதுவும் அதற்கு இல்லை. 1958-லிருந்து மூன்று வலது கைக்காரர்கள் வைத்திருந்த துப்பாக்கி, யாருக்கும் தெரியாமலே இடது கைக்கும் சரியாக இருந்திருக்கிறது. திண்ணையிலிருந்த அப்பாவிடம் கத்திச் சொன்னேன். எழுந்து உள்ளே வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரும் பார்த்தார்.

குழல் உள்ளே பார்க்கலாமா என்றாள். திறந்திருக்கிறது என்று நானும் பார்த்து, அவளும் பார்த்து, அப்பாவும் பார்த்த பிறகு, தினசரிக் காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழித்து மடித்து வாசலில் வைத்தேன். வெளிச்சம் அந்த வெள்ளைத் தாளில் பட்டுக் குழலுக்குள் ஏறும். அவள் குனிந்து மறுமுனையில் இடது கண்ணை வைத்தாள்.

"சுத்திச் சுத்திப் போகுதும்மா. கிணத்துக்குள்ள பாக்க மாதிரி இருக்கு." கொஞ்சம் பொறுத்து, "நடுவுல கறுப்பா என்னமோ இருக்கு. அழுக்கா? சரியாத் துடைக்கலையா?"

அழுக்கு இல்லை, அது 1995 என்றேன். அந்தக் கதையை அவளுக்கு அதுவரை சொன்னதில்லை. சொன்னேன். காப்பி டம்ளர், நாற்காலி, மஞ்சள் பை, ஸ்டேஷன் வரை நடந்தது, வராமல் போன கல்யாணப் பத்திரிகைகள் எல்லாவற்றையும். அப்பா நடுவில் இரண்டு இடத்தில் திருத்தினார். காப்பியைத் தொடாமல் போனவர் யார் என்று அவர் அன்று முதன்முதலாகச் சொன்னார். எனக்கும் அதுவரை தெரியாது.

உள்ளே வைத்துப் பூட்ட எடுத்தேன். தாளை எடுத்துவிட்டு லிவரை ஏற்றியிருந்தேன். அவள் கை நீட்டித் தடுத்தாள்.

"மூடிட்டியே. தாத்தாவுக்குக் காட்டலையே."

கட்டையை நான் பிடித்துக்கொண்டேன். அவள் இடது கையால் லிவரை இறக்கினாள். அப்பா குனிந்து பார்த்துத் தலையாட்டினார்.